கேள்வித்தாளும் துவாலையும்

அரோமாதெரபி மசாஜுக்கு முதல்முறை போகிறவர்கள் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்விகள் இரண்டு. டிரெஸ்ஸைக் கழற்றணுமா? முன்பின் தெரியாத ஒருவர் தொடும்போது என்ன பண்றது? இந்தத் தயக்கத்துக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. எனக்கு எண்ணெயின் வாசனையைவிட அதுதான் சுவாரசியம்.

முதலில் எண்ணெய். பிரான்சின் லியோன் நகரத்து வேதியியலாளர் ரெனே மொரிஸ் கத்தஃபோசே 1937இல் 'அரோமாதெரபி' என்ற பெயரிலேயே ஒரு புத்தகம் வெளியிட்டார். அவரைப் பற்றிய கதையை நீங்களும் கேட்டிருப்பீர்கள்: ஆய்வகத்தில் கை சுட்டுவிட்டது, பக்கத்திலிருந்த லாவெண்டர் தொட்டிக்குள் தற்செயலாகக் கையை விட்டார், புண் மாயமாக ஆறியது. அவரே எழுதியிருப்பது வேறு. 1910இல் ஆய்வகத்தில் வெடிவிபத்து. உடம்பில் பற்றிய தீயைப் புல்தரையில் உருண்டு அணைத்தார். பிறகு இரு கைகளிலும் அழுகல் வேகமாகப் பரவியது. லாவெண்டர் சாரத்தால் கழுவியதும் அது நின்றது என்கிறார். ஒரு தனிமனிதரின் அனுபவம் மருத்துவச் சான்றாகிவிடாது. ஆனால், தெரிந்தே செய்துபார்த்த ஒரு காரியத்தைத் தற்செயலாக மாற்றிவிட்டது நம்முடைய கதை ஆசை. இதில் மசாஜே கிடையாது என்பதையும் கவனியுங்கள்.

மசாஜ் சேர்ந்தது மார்கரீத் மோரியால். 1895இல் ஆஸ்திரியாவில் பிறந்து பிரான்சில் வேலை செய்தவர். சமகாலத்துப் பிரெஞ்சு மருத்துவர் ஷான் வால்னே இந்த எண்ணெய்களை மருந்தாகவே பரிந்துரைத்தார். மோரி அவற்றைத் தாவர எண்ணெயில் கலந்து முதுகில் தேய்க்கச் சொன்னார். ஆளுக்கு ஆள் கலவை மாறணும் என்பது அவருடைய பிடிவாதம். லண்டனில் அவர் பயிற்றுவித்த அழகுக்கலைப் பெண்கள் வழியாகத்தான் இன்றைய முறை பரவியது.

ஆனால் அதே லண்டனில் 'மசாஜ்' என்ற சொல் ஏற்கெனவே அடிபட்டிருந்தது. 1894இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல், மசாஜ் நிலையம் என்ற பெயரில் பாலியல் தொழில் நடப்பதாக எழுதியது. நியாயமாகத் தொழில் செய்த பெண்களுக்கு அது பேரிடி. செவிலியராகவும் மருத்துவச்சிகளாகவும் இருந்த நான்கு பெண்கள் அந்த வருடமே பயிற்சிபெற்ற மசாஜ் பெண்களுக்கென ஒரு சங்கம் தொடங்கினார்கள். தேர்வு வைத்தார்கள், கறாரான விதிகள் போட்டார்கள். மருத்துவர் சொல்லாமல் ஆண்களுக்கு மசாஜ் கூடாது. மருத்துவ இதழ்களைத் தவிர வேறெங்கும் விளம்பரம் கூடாது. 1920இல் அதற்கு அரச சாசனம் கிடைத்தது. பிரிட்டனின் இன்றைய பிசியோதெரபி சங்கம் அதன் வாரிசுதான். தொடுவது ஒரு வேலை, அதற்குப் படிப்பு வேணும் என்பதை நிரூபிக்கும் சுமை அந்தப் பெண்கள் தலையில் விழுந்தது. சந்தேகத்தைக் கிளப்பியவர்களுக்கு அந்தச் சுமை இல்லை.

இதை மனசில் வைத்துக்கொண்டு இன்றைய அறைக்குள் போகலாம். முதல் பத்து நிமிஷம் கேள்விகள்: கர்ப்பமா, வலிப்பு, ஆஸ்துமா, ரத்த அழுத்தம் உண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், எது ஒத்துக்காது? பிறகு இரண்டு மூன்று குப்பிகளை முகரத் தருவார்கள். பிடிக்காத வாசனையைத் தாராளமாக வேண்டாம் எனலாம். மோரியின் பிடிவாதம் இங்கே உயிரோடு இருக்கிறது. 30 மில்லி பாதாம் எண்ணெயில் சுமார் 12 சொட்டு, அதாவது 2 சதவீதம், வழக்கமான அளவு.

அவர் வெளியே போனதும், உங்களுக்குச் சங்கடமில்லாத அளவுக்கு உடை மாற்றிக்கொண்டு துவாலைக்கு அடியில் படுக்கலாம். உள்ளாடையைக் கழற்றத் தேவையில்லை. தேய்க்கும் பகுதி மட்டும் திறந்திருக்கும், மற்றதெல்லாம் மூடியிருக்கும். அழுத்தம் ஜாஸ்தின்னா சொல்லலாம். போதும் என்றால் நிறுத்தணும். கலவையில் பெர்கமாட் இருந்தால் அன்று வெயிலில் போகாதீர்கள், தோல் புண்ணாகலாம்.

உடம்பு தளரும், மனசு கொஞ்சம் லேசாகும். அதுக்கு மேலே நோய் தீரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கேள்வியே கேட்காமல் ஒருவர் எண்ணெயைக் கையில் ஊற்றினால், எழுந்து வந்துவிடுங்கள். அந்த நான்கு பெண்களும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.