பெடாயா: ஒன்பது பேர், ஓர் உடல்

ஜாவா அரண்மனைகளில் ஆடப்படும் ஆடல்களுள் முதன்மையானது பெடாயா. ஆடும் பெண்களுக்கும் அதுவே பெயர். ரோமன் எழுத்தில் இச்சொல்லைப் பார்ப்பவர்கள் தமிழில் 'பெதாயா' என்று எழுதிவிடுகிறார்கள். நம் தகரத்தையும் டகரத்தையும் போலவே ஜாவானிய மொழியிலும் பல்லொலி வேறு, நாவளை ஒலி வேறு. இரண்டுக்கும் அம்மொழியின் பழைய எழுத்தில் தனித்தனி வடிவங்கள் உண்டு. இச்சொல்லில் வருவது நாவளை ஒலி. கடைசி இரண்டு அகரங்களும் பேச்சில் ஒகரச் சாயல் பெறுவதால் ஜாவானியர் வாயில் அது ஏறத்தாழ 'பெடொயொ' என்று ஒலிக்கும். உச்சரிப்புத் திருத்தம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. சொல்லின் பிறப்பைத் தேடும்போது முதலில் தடுத்து நிறுத்துவது இந்த டகரம்தான்.

இந்த ஆடல் வானுலகப் பெண்களிடமிருந்து வந்தது என்பது அரண்மனை மரபு. அதைப் பற்றிக்கொண்டு பெடாயாவைச் சமஸ்கிருத 'வித்யாதரி'யோடு இணைக்கும் எண்ணம் எளிதில் எழுகிறது. ஆனால் வித்யாதரி என்னும் சொல் ஜாவாவுக்கு முன்பே போய், 'விததாரி' என்று உருமாறி, தேவகன்னியைக் குறிக்கும் சாதாரணச் சொல்லாக இன்றும் வழங்குகிறது. அதில் வகரம் வகரமாகவே இருக்கிறது. தகரம் பல்லொலியாகவே நிற்கிறது. ஈற்று 'ரி'யும் போகவில்லை. அதே சொல் இன்னொருமுறை நுழைந்து, வகரத்தைப் பகரமாக்கி, தகரத்தை நாவளைத்து, ஈற்றையும் உதிர்த்துவிட்டது என்றால் இடைப்பட்ட வடிவங்களைக் காட்டியாக வேண்டும். ஒரே சொல் இருமுறை கடன்போவது மொழிகளில் நடப்பதுதானே என்று கேட்கலாம். நடக்கும். நடக்கக்கூடியது என்பதாலேயே நடந்தது என்று கொள்ள முடியாது. சமஸ்கிருதத்தை அவ்வளவு விரும்பி ஏற்ற பழைய ஜாவானியமே ஆடலுக்கு 'இகெல்' என்ற சொந்தச் சொல்லை வைத்திருந்தது. பாலித் தீவில் அது இன்னும் வாழ்கிறது. பின்னாளைய ஜாவாவில் எளிய பேச்சுக்கு 'ஜோகெட்', மரியாதைப் பேச்சுக்கு 'பெக்சா' என்று ஆடலுக்கு இரு சொற்கள் உண்டாயின.

சொல்லை விட்டுப் பொருளைப் பார்த்தாலும் இந்தியாவிலிருந்து நேராகக் கோடு இழுப்பது கடினம். ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த பிரம்பானான் சிவன் கோயிலில் ஆடும் உருவங்கள் வரிசையாக உள்ளன. முழங்காலை அகல விரித்தும் காலைத் தூக்கியும் நிற்கும் அவை நாட்டிய சாத்திரக் கரணங்களின் உறவுகள். தஞ்சைப் பெரிய கோயிலின் 81 கரணச் சிற்பங்களுக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் மூத்தவை. பெடாயாவில் அந்த வீச்சு எதுவும் இல்லை. பாதம் தரையை ஒட்டி நகர்கிறது, பார்வை தாழ்ந்திருக்கிறது, இடுப்பில் கட்டிய 'சம்பூர்' துகிலின் நுனி மட்டும் அவ்வப்போது விசிறப்படுகிறது. ங்கிதிங், ங்ருஜி போன்ற கைநிலைகள் உண்டு. நம் அபிநய முத்திரைகளைப் போல அவை பொருள் சொல்வதில்லை. இராமாயணமும் பாரதமும் ஜாவாவில் ஆடப்படுகின்றனவே என்றால், அவை பெரும்பாலும் பாத்திரங்கள் வாய்விட்டுப் பேசும் 'வயாங் வொங்' நாடகத்துக்கு உரியவை. பெடாயாவில் ஆடுபவர் பேசுவதில்லை.

அப்படியானால் இந்த ஆடல் எதைச் சொல்கிறது? என் கருத்தில், அதன் பெயரைவிட அதற்குள் வழங்கும் பெயர்களே நம்பத்தக்க சான்று. ஜாவாவின் அரண்மனை நகரங்களுள் ஒன்றான யோக்யகர்த்தாவின் மரபில் ஒன்பது இடங்களுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. தலைமையிடம் 'பத்தாக்', அது தலை, மனம். 'குலு' என்றால் கழுத்து, 'டடா' என்றால் மார்பு, இன்னோர் இடம் கடைக்கோடி. பக்கங்களில் நிற்கும் இரு 'அப்பித்' கைகளாகவும், வெளியே வரும் இரு எண்டெல்கள் கால்களாகவும் கொள்ளப்படுகின்றன. எஞ்சியவள் முதன்மை 'எண்டெல்', அவள் ஆசை. தொடக்க அணிவகுப்பில் இந்த ஒன்பதின்மரும் சேர்ந்து ஒரு மனித உடலாக நிற்கிறார்கள். பிறகு ஆசை வரிசையை விட்டு விலகுகிறது, மனத்தோடு எதிர்ப்படுகிறது, திரும்புகிறது. பிற்பகுதியில் மூவர் மூவராக மூன்று வரிசை அமைகிறது. ஒன்பது பேருக்கும் ஒரே உடை, ஒரே ஒப்பனை ஏன் என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை எனக்குத் தெரியவில்லை. ஒரே ஆளுக்கு ஒன்பது முகம் இருக்க முடியாது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. 1918இல் யோக்யகர்த்தாவில் 'கிரிதா பெக்சா விராமா' என்ற பள்ளி தொடங்கி, அரண்மனை ஆடலை மதிலுக்கு வெளியே கற்பிக்கத் தொடங்கியது. மனமும் ஆசையும் பொருதும் தத்துவ விளக்கங்கள் அதன்பின் படித்தவர்கள் ஏற்றிவைத்தவையாக இருக்கலாமே? விளக்கங்களில் ஒரு பகுதி பிந்தியதாக இருக்கலாம் என்பதை ஏற்கிறேன். ஆனால் இடப்பெயர்கள் விளக்கவுரை அல்ல. ஆடுபவர் தம் இடத்தை அறிய வழங்கும் தொழிற்சொற்கள். நால்வர் ஆடும் 'ஸ்ரிம்பி'யிலும் பத்தாக், குலு, டடா என்ற அதே மூன்றும், கடைக்கோடியைக் குறிக்கும் 'புஞ்சித்'தும் வருகின்றன. நால்வரைக் கொண்டே தலைமுதல் கடைவரை ஓர் உடலை நிறுத்தியிருக்கிறார்கள். இரு ஆடல்களுக்கும் பொதுவான இந்தச் சட்டகத்தை ஒரு பள்ளியின் கற்பனை என்று ஒதுக்க முடியாது.

அரச அதிகாரத்தின் சடங்குதானே இது என்பாரும் உண்டு. சுராகர்த்தா அரசரின் முடிசூட்டு ஆண்டு நிறைவில் ஆடப்படும் 'பெடாயா கெத்தவாங்', மத்தாராம் அரசர் சுல்தான் அகுங்குக்கும் தென்கடல் அரசி ராத்து கிடுலுக்கும் இடையிலான காதலின் நினைவு என்பது மரபு. 1755இன் கியாந்தி உடன்படிக்கை மத்தாராமை இரண்டாகப் பிரித்தபோது சுராகர்த்தாவுக்கு இதுவும், யோக்யகர்த்தாவுக்குப் 'பெடாயா செமாங்'கும் உரியவையாயின. ஒன்பது பேரை ஆடவைப்பது அரசருக்கே உரிய உரிமையாகக் கருதப்பட்டது. இவை எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் கெத்தவாங்கில் ஒன்பது பேரும் மணப்பெண் கோலத்தில் வருகிறார்கள். அரசிக்குத் தனியாக ஒரு வேடம் கிடையாது. அவள் வந்து ஒன்பதின்மரோடு கலந்து ஆடுவாள் என்றே நம்புகிறார்கள். காதலிக்கு ஓர் உடல் வேண்டும். அந்த உடலாக ஒன்பது பெண்களும் நிற்கிறார்கள். அதிகாரமும் காதலும் இந்த ஓருடல் அமைப்பின் மேல்தான் ஏறி நிற்கின்றன.

ஆகவே தமிழில் இதைத் 'தேவகன்னியர் நடனம்' என்று மொழிபெயர்ப்பது தவறு. தேவரடியாரோடு ஒப்பிடுவதற்கும் சான்றில்லை. டகரம் சிதையாமல் பெடாயா என்றே எழுதுங்கள். பத்தாக், எண்டெல், குலு, டடா என்ற பெயர்களையும் விடாமல் குறிப்பிடுங்கள்.