இரைச்சலைக் களைய எழுந்த கருவி அணிகள்

நிலத்தடியில் மறைவாக நடத்தப்படும் அணுகுண்டுச் சோதனையை இயற்கையான நிலநடுக்கத்திலிருந்து பிரித்தறிய இயலுமா என்ற கேள்வியை 1958இல் ஜெனீவாவில் கூடிய வல்லுநர் மாநாடு ஆராய்ந்தபோதுதான், பல நிலநடுக்கமானிகளை ஓர் ஒழுங்கில் பரப்பி ஒரே கருவிபோல் இயக்கும் ‘கருவி அணி’ உலக அரசியலின் தேவையாயிற்று. தொலைதூர வெடிப்பின் மெல்லிய அலை, நிலம் ஓயாது அதிர்வதால் எழும் பின்னணி இரைச்சலில் மூழ்கிவிடும். அவ்வலை ஒவ்வொரு கருவியையும் சற்றே முன்பின்னாக வந்தடைவதால், அக்கால வேறுபாட்டைச் சரிசெய்து பதிவுகளைக் கூட்டினால் அலை வலுப்பெறும். கருவிக்குக் கருவி மாறுபடும் இரைச்சலோ பெருமளவு அடங்கிவிடும். இரைச்சல் முற்றிலும் தொடர்பற்றதாக இருந்தால், 25 கருவிகளால் அலையின் தெளிவு ஐந்து மடங்காகும் என்பது கணக்கு.

இக்கணக்கை நம்பி அமெரிக்கா 1965இல் மொன்டானா மாநிலத்தில், ஏறத்தாழ 200 கிலோமீட்டர் குறுக்களவுள்ள நிலப்பரப்பில், 21 துணை அணிகளாக 525 கருவிகளை நிறுவியது. ஆனால் நெருங்கி நின்ற கருவிகள் ஒரேவகை இரைச்சலையே பதிந்தமையால், எதிர்பார்த்த தெளிவு கிட்டவில்லை. அணிகளின் வரலாற்றில் இக்குறைபாடே மிகுந்த பயன் விளைத்தது எனலாம். ஏனெனில், இரைச்சலை ஒழிக்க விரும்பியவர்கள் அது எத்திசையிலிருந்து, எவ்வேகத்தில் வருகிறது என்று முதலில் அளக்க வேண்டியதாயிற்று. 1969இல் ஜாக் கேப்பன் வெளியிட்ட பகுப்பாய்வு முறை, ஒவ்வொரு பதிவுக்கும் இரைச்சலின் தன்மைக்கேற்ப வெவ்வேறு எடை தந்து, ஒரே வேளையில் வந்துசேரும் அலைகளைத் திசைவாரியாகப் பிரித்துக் காட்டியது. எதிரெதிராக மோதும் கடல் அலைகளின் அழுத்தம் ஆழ்கடலடியையும் எட்டி நிலத்தை அதிரச் செய்யும் என்று 1950இலேயே லாங்கெட்-ஹிக்கின்ஸ் கணிதத்தால் நிறுவியிருந்தார். இரைச்சலின் பெரும்பகுதி தொலைதூரக் கடற்புயல்களின் அடையாளம் என்பதை மொன்டானா அணியின் பதிவுகள் அளந்து காட்டின.

ஜப்பானியரான கெய்இட்டி அக்கி ஒருபடி மேலே சென்று, கருவிகளிடையே இரைச்சல் எந்த அளவு ஒத்திருக்கிறது என்பதைக் கொண்டே அடிநிலத்தின் அமைப்பை அறியலாம் என்று 1957இலேயே காட்டியிருந்தார். அக்கருத்துக்கு உரிய இடம் நெடுநாள் கழித்தே கிடைத்தது: 2005இல் ஷபீரோ, கம்பியோ முதலியோர் இரைச்சலை மட்டுமே கொண்டு கலிஃபோர்னியாவின் புவியோட்டை வரைபடமாக்கினர்.

மொன்டானா அணி 1978இல் மூடப்பட்டது. பிரிட்டன் அறுபதுகளில் பிற நாடுகளோடு சேர்ந்து நிறுவிய சிறிய அணிகளுள் கனடாவின் யெல்லோநைஃபும் ஆஸ்திரேலியாவின் வாரமுங்காவும் இன்று 1996ஆம் ஆண்டின் சோதனைத் தடை ஒப்பந்தத்துக்கான கண்காணிப்பு வலையில் அங்கம் வகிக்கின்றன. அதே முயற்சியில் கர்நாடகத்தின் கௌரிபிதனூரில் எழுந்த அணி, இந்தியா கையெழுத்திடாத அவ்வொப்பந்தத்தின் வலைக்கு வெளியே நிற்கிறது.