எருமைக்கு ஓய்வு, வண்டிக்காரருக்கு இழப்பு: கல்கத்தா, 1930

1930 ஏப்ரல் 1ஆம் நாள் கல்கத்தாவின் வண்டிக்காரர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். காந்தியின் உப்பு யாத்திரை தண்டியை அடைய இன்னும் சில நாள்களே இருந்தன. ஆனால் இவர்களை வீதிக்குக் கொணர்ந்தது வேறொரு காரணம். கோடையில் நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை எருமைகளை வண்டியில் பூட்டலாகாது என்று ஓர் ஆணை பிறந்திருந்தது. வண்டிகளைச் சாலையின் குறுக்கே நிறுத்தித் தடுப்பரண் அமைத்தனர். காவல்துறை சுட்டதில் உயிர்ச்சேதம் நேர்ந்தது. தொழிலாளர் வரலாற்றில் இடம்பெற்றுவிட்ட இந்நிகழ்வைக் கால்நடை மருத்துவ வரலாற்றிலும் வைத்து வாசிக்க வேண்டியுள்ளது.

அந்த ஆணைக்கு நெடிய முன்வரலாறு உண்டு. ஓவியரான கோல்ஸ்வொர்தி கிராண்ட் 1861இல் கல்கத்தா விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தை நிறுவினார். வங்காளச் சட்டமன்றத்தில் உறுப்பினராயிருந்த எழுத்தாளர் பியாரி சந்த் மித்ராவின் முயற்சியும் சேர, 1869இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. 1893இல் பெல்காச்சியாவில் வங்காளக் கால்நடை மருத்துவக் கல்லூரி தோன்றியது. ஆக, இந்நகரில் சுமைவிலங்கின் துன்பம் சட்டத்தின் பொருளாகி ஒரு தலைமுறை கழிந்த பின்னரே மருத்துவக் கல்வியின் பொருளாயிற்று.

மருத்துவ நோக்கில் அந்த ஆணை சரியானதா? ஐயமின்றிச் சரியானதே. எருமையின் தோல் கருமையானது. வெயிலை மிகுதியாக உள்வாங்கும். மாட்டைவிட அதற்கு வியர்வைச் சுரப்பிகள் குறைவு. நீரிலும் சேற்றிலும் கிடந்தே உடற்சூட்டைத் தணித்துக்கொள்ளும். பாரம் இழுத்து வெயிலில் செல்லும் எருமைக்கு வெப்பத்தாக்கு எளிதில் நேரும்.

இங்கே மருந்தியலின் ஓர் அடிப்படைப் பாடம் உள்ளது. காய்ச்சலில் ஹைப்போதலாமஸின் வெப்ப இலக்கே உயர்கிறது. புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத் தடுக்கும் மருந்துகள் அவ்விலக்கைத் தாழ்த்துகின்றன. வெப்பத்தாக்கில் இலக்கு மாறுவதில்லை. வெளியேற வழியின்றி வெப்பம் உடலில் தேங்குகிறது. எனவே காய்ச்சல் மருந்து அங்கே பயன்படாது. நீரிழந்த விலங்கின் சிறுநீரகத்துக்குக் கேடும் செய்யக்கூடும். நிழல், உடலெங்கும் தண்ணீர், காற்றோட்டம், சிரைவழித் திரவம், இடைவிடாத வெப்ப அளவீடு ஆகியவையே முதலுதவி. கால்நடை உதவியாளர் இன்றும் முதலில் கற்க வேண்டிய வரிசை இதுவே.

ஊசியால் ஈடுசெய்ய முடியாத நோய்க்கு ஓய்வே தடுப்பு. ஆனால் அந்த ஓய்வின் விலையை யார் கொடுப்பது என்னும் வினாவை ஆணை எழுப்பவில்லை. வண்டி நின்ற மூன்று மணி நேர இழப்பு, பெரும்பாலும் பீகாரிலிருந்தும் ஐக்கிய மாகாணங்களிலிருந்தும் பிழைக்க வந்திருந்த வண்டிக்காரரின் தலையில் விழுந்தது. அதே நண்பகல் வெயிலில் எருமையோடு நடந்த அவருடைய உடலைப் பற்றி ஆணை பேசவும் இல்லை.

வண்டிக்காரர்களைக் கொடியவர்கள் என்றோ, சங்கத்தாரை வெறும் காலனிய முகவர்கள் என்றோ முடித்துவிடுவது எளிது. இரண்டும் அந்த நாளை விளக்கமாட்டா. விலங்கின் உடலியலைச் சரியாக அறிந்த ஓர் ஆணை, அதை ஓட்டியவரின் வாழ்வியலை அறியாமல் போனதால்தான் வீதியில் குருதி சிந்தியது. வெப்ப அலைகள் கடுமையாகிவரும் இக்காலத்தில் உழைக்கும் விலங்குகளுக்கு விதி வகுப்போர், அவற்றை நம்பிப் பிழைப்போரின் கூலியையும் அதே தாளில் கணக்கிட்டாக வேண்டும்.