பால்வங்கர் பாலு: ஓர் இளம் வீரரின் வரலாறு

விளையாட்டென்பது வீண் பொழுதுபோக்கு எனக் கருதும் பெரியோர் நம்மிடையே இன்றும் உளர். பாடப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுப் பந்தை எடுத்துக்கொண்டு பிரட்டுக்களத்துக்கு ஓடும் பிள்ளையைக் கண்டால் அவர்களுக்குக் கோபம் பிறப்பது இயல்பே. ஆயினும், ஒரு சமூகத்தின் மனம் எவ்வளவு விரிந்தது, எவ்வளவு குறுகியது என்பதை அளந்து காட்டும் கோல்களுள் விளையாட்டு மைதானமும் ஒன்று. இதற்குச் சான்றாக, நூறாண்டுகளுக்கு மேற்பட்ட காலத்துக்கு முன் இந்தியாவில் வாழ்ந்த ஓர் இளம் கிரிக்கெட் வீரரின் வரலாற்றை நம் வாலிபர்கள் முன்னும் பெரியோர் முன்னும் வைக்க விரும்புகிறோம். அவர் பெயர் பால்வங்கர் பாலு.

பிறப்பும் பிழைப்பும்

பாலு 1870களின் நடுப்பகுதியில் தார்வாரில் பிறந்தார். தோல் வேலை செய்வோர் எனச் சொல்லித் தீண்டத்தகாதவராய் ஒதுக்கப்பட்ட சமார் குலம் அவருடையது. தந்தையார் பட்டாளத்தைச் சார்ந்து பிழைத்தவர். ஆதலால் குடும்பம் பூனா நகரில் வசிக்கலாயிற்று. வெள்ளைக்கார அதிகாரிகள் ஆடிக் கழித்துப் போட்ட பந்தும் துடுப்புமே பாலுவுக்கும் தம்பி சிவராமுக்கும் முதல் ஆசான்களாயின.

அக்காலத்தில் இந்தியருள் கிரிக்கெட்டில் முன்னணியில் நின்றவர் பார்சிகளே. 1886இலும் 1888இலும் இங்கிலாந்து சென்று ஆடிவந்தவர்கள் அவர்கள். பூனாவில் பார்சிகள் நடத்திய கிரிக்கெட் கழகமொன்றிலேதான் பாலுவுக்கு முதல் வேலை கிடைத்தது. ஆடுவதற்கன்று, மைதானத்தைக் கூட்டவும் உருளை இழுக்கவும். மாதச் சம்பளம் 3 ரூபாய். பின்னர், 1892ஆம் ஆண்டளவில், வெள்ளையருடைய பூனா கிளப்பில் 4 ரூபாய்ச் சம்பளத்துக்குச் சேர்ந்தார். புல் வெட்டுதல், ஆடுகளத்துக்கு உருளையிடுதல், கோடு போடுதல், பயிற்சிக்கு வலை கட்டுதல் ஆகியவை அவருடைய கடமைகள். நேரம் கிடைத்தால் துரைமார் அடித்துப் பழகுவதற்குப் பந்து வீசிக் கொடுப்பதும் அவற்றோடு சேர்ந்தது.

இந்தக் கடைசி வேலையே அவர் வாழ்வை மாற்றிற்று. இடக்கையால் மெதுவாகச் சுழற்றி வீசும் அவருடைய பந்து, குறித்த இடத்தில் தப்பாமல் விழுந்து, இருபுறமும் திரும்பிற்று. அங்கே கிரெய்க் என்னும் படைத்தலைவர் இருந்தார். அந்நாளில் இந்தியாவிலிருந்த ஆங்கிலேயத் துடுப்பாட்டக்காரருள் தலைசிறந்தவராய் மதிக்கப்பட்டவர். மற்றவர்கள் வருமுன்னரே வந்து, பாலுவைப் பந்து வீசச் செய்து பழகுவார். தம்மை ஆட்டமிழக்கச் செய்யும் ஒவ்வொரு முறைக்கும் 8 அணா கொடுப்பார் என்பர். நான்கு ரூபாய்க்கு மாதம் முழுதும் உழைப்பவனுக்கு எட்டு அணா எவ்வளவு பெரிது என்பதைப் பெயர்க்கூலி பார்த்து வளர்ந்த நம் மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இத்தனை காலம் பந்து வீசியும் ஒரு நாளாவது பாலுவின் கையில் அக்கிளப்பில் துடுப்புக் கொடுத்தாரில்லை. பந்து வீசுவது வேலை. துடுப்பெடுப்பது கனவான்களின் உரிமை! ஆயினும் அவருக்கு விதிக்கப்பட்ட வேலைக்குள்ளேயே அவர் தம் வித்தையை வளர்த்தார். நாள்தோறும் தம் கையால் உருளையிட்ட மண், எங்கே பந்தைத் திருப்பும், எங்கே திருப்பாது என்பதை அவரைப்போல் அறிந்தவர் யார் இருந்திருக்க முடியும்?

மைதானத்தில் தோழன், மைதானத்துக்கு வெளியே அந்நியன்

பூனாவிலிருந்த இந்துக்கள் வெள்ளையரை வெல்லும் ஓர் அணியைத் திரட்ட முனைந்தபோது சிக்கல் எழுந்தது. பாலுவைச் சேர்க்க வேண்டுமென்று சிலர் கூறினர். சேர்க்கலாகாது என உயர்குலத்தார் சிலர் மறுத்தனர். பாலுவை ஒதுக்கிவைத்தால் இந்துக்கள் மூடர்களாவர் எனக் கிரெய்க் பத்திரிகைக்குச் சொன்னதாகச் சொல்லப்படுகிறது. முடிவில் பாலு சேர்க்கப்பட்டார்.

எப்படிச் சேர்க்கப்பட்டார் என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். மைதானத்தில் அவர் தொட்ட பந்தையே மற்றவர்களும் தொட்டனர், ஆங்கே தீட்டில்லை. தேநீர் இடைவேளை வந்ததும் மற்றவர்கள் உள்ளே அமர்ந்து பீங்கான் கோப்பைகளில் அருந்த, பாலுவுக்கு வெளியே, குடித்தபின் எறிந்துவிடும் மண் குவளையில் தேநீர் கொடுக்கப்பட்டது. உணவு தனி மேசையில். கை கழுவ நீர் வேண்டுமாயின் அவரைப்போல் ஒதுக்கப்பட்ட குலத்து வேலையாளே கொண்டுவந்து ஊற்றவேண்டும். அவர் எடுத்த விக்கெட்டுகளால் வெற்றி எல்லோருக்கும் பொதுவாயிற்று. கோப்பை மட்டும் பொதுவாகவில்லை.

சாத்தாராவில் வெள்ளையருடைய கழகத்துக்கெதிராக நடந்த ஆட்டத்தில் அவர் 7 விக்கெட்டுகளை வீழ்த்தினார். வெற்றியைக் கொண்டாடிய கூட்டத்தில், சமூகச் சீர்திருத்தவாதியான நீதிபதி மகாதேவ கோவிந்த ரானடே பாலுவுக்கு மாலையிட்டார். குவளையை வெளியே வைத்த அதே ஊரில் மாலையும் விழுந்தது. மாற்றம் இப்படித்தான், ஒரு கையால் தடுத்து மறு கையால் வரவேற்று, மெல்ல வருகிறது போலும்.

பம்பாயில்

1896இல் பூனாவைக் கொள்ளைநோய் பீடித்தது. பாலு பம்பாய் சென்று, புகையிரதக் கம்பனியொன்றில் வேலை பெற்று, இந்து ஜிம்கானாவின் அணியில் ஆடலானார். தம்பி சிவராமும் உடன் சேர்ந்தார்.

1906ஆம் ஆண்டு பெப்ரவரியில் பம்பாயில் இந்துக்களும் ஐரோப்பியரும் மோதினர். இந்துக்கள் 242, 160. ஐரோப்பியர் 191, 102. இந்துக்கள் 109 ஓட்டங்களால் வென்றனர். இரண்டாவது முறை ஐரோப்பியரைச் சரித்ததில் பாலுவின் பந்துக்குப் பெரும் பங்குண்டு. ஆளும் இனத்தை ஆளப்படும் இனம் வென்ற செய்தி நாடெங்கும் பரவிற்று. 'இந்தியன் சோஷியல் ரிபார்மர்' என்னும் பத்திரிகை இதில் இன்னொரு வெற்றியையும் கண்டது. பூனாவில் வெளியே தேநீர் அருந்திய சகோதரர், பம்பாயில் ஏனையோருடன் சேர்ந்து உண்ண அனுமதிக்கப்பட்டனர் என்பதே அது.

அதன்பின் நடந்தவற்றைச் சுருங்கச் சொல்வோம். 1911இல் பட்டியாலா மகாராசாவின் தலைமையில் இங்கிலாந்து சென்ற முதலாவது அகில இந்திய அணியில் பாலு 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். திரும்பிவந்தவருக்கு அளித்த வரவேற்பில் பங்குகொண்டவர்களுள் கல்லூரி மாணவராயிருந்த அம்பேத்கரும் ஒருவர். இவ்வளவு இருந்தும் அணித் தலைமை மட்டும் பாலுவுக்குக் கிட்டவில்லை. 1920இல் உபதலைவர் பதவியே கிடைத்தது. 1923இல் அவருடைய தம்பி விட்டல் இந்து அணியின் தலைவரானார். அண்ணனுக்கு மூடியிருந்த கதவு தம்பிக்குத் திறந்தது. பாலு 1955இல் பம்பாயில் காலமானார்.

நமக்கு என்ன பாடம்?

தூரத்து ஊர்க்கதை என நாம் இதைத் தள்ளிவிட முடியாது. நம் முன்னோர் கங்காணிமாருடன் கடல் கடந்து இம்மலைநாட்டுக்கு வந்தபோது மூட்டை முடிச்சுகளோடு சாதியையும் சுமந்தே வந்தனர். பல தோட்டங்களில் லயங்கள்கூடச் சாதிவாரியாகப் பிரிக்கப்பட்டன. ஒரே கொழுந்தைப் பறித்து, ஒரே மழையில் நனைந்தவர்கள், தண்ணீர்ச் செம்பில் மட்டும் வேறுபட்டு நின்றனர்.

இதே தோட்ட மக்களின் வழித்தோன்றல்தான் முத்தையா முரளிதரன். 1920இல் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவரின் பேரன். 1972இல் கண்டியில் பிறந்து, 2010இல் காலியில் தமது 800ஆவது டெஸ்ட் விக்கெட்டை வீழ்த்தியவர். திறமை எந்த லயத்தில் பிறக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல ஒருவராலும் ஆகாது.

பாலுவின் கதையில் திறமையைக் கண்டுகொள்வது கடினமாயிருக்கவில்லை. வெள்ளைக்கார அதிகாரி கண்டார். எதிர்த்து நின்றவர்களும் கண்டனர். கடினமாயிருந்தது அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தேநீர் அருந்துவதே. ஆகவே, ஓர் இந்து வாலிபர் சங்கம் தன்னைச் சோதித்துப் பார்க்கவேண்டிய இடம் வெற்றிக் கிண்ணம் வைத்திருக்கும் அலுமாரியன்று. ஆட்டம் முடிந்தபின் தேநீர் ஊற்றும் இடம். திருவிழா நாளில் பந்தி போடும் இடம். நிருவாகசபைக்குப் பெயர் முன்மொழியும் இடம்.

பெரியோர்களே, உங்கள் பிள்ளைகள் பந்தடிக்கப் போகட்டும். யாரோடு போகிறாய் என்று சாதி கேளாதீர்கள். வாலிபர்களே, உங்கள் அணியில் உருளை இழுப்பவனும் வலை கட்டுபவனும் யார் என்று பாருங்கள். அவன் கையிலும் ஒருமுறை துடுப்பைக் கொடுங்கள்.