சிலந்தி நூலும் துப்பாக்கி ஸ்கோப்பும்



போன வாரம் என்னிடம் எட்டாம் வகுப்புப் படித்த தம்பி ஒருவன் போன் செய்தான். உடன்குடியில் கருப்பட்டி வியாபாரம். மகள் கல்லூரியில் காற்றுத்துப்பாக்கிப் பயிற்சியில் சேர்ந்திருக்கிறாளாம். "டீச்சர், 25,000 ரூபாய்க்கு ஒரு ஸ்கோப் பார்த்து வச்சிருக்கேன். 24 மடங்கு பெருசாக் காட்டுமாம். பிள்ளைக்கும் ஆகும், தோட்டத்துல மயிலும் பன்னியும் படுத்துற பாட்டுக்கும் ஆகும். வாங்கலாமா?" என்றான். "நாளைக்குச் சொல்றேன், அதுவரை பணத்தைக் கட்டாதே" என்று வைத்துவிட்டேன். அவனுக்குச் சொன்ன பதிலையே எல்லாருக்குமாக இங்கே எழுதுகிறேன். வரலாறு நடத்திய டீச்சர் ஆயிற்றே, பழைய கதையிலிருந்துதான் தொடங்குவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

1608-ல் ஹாலந்தில் கண்ணாடி செய்யும் லிப்பர்ஷே என்பவர் தொலைநோக்கிக்கு உரிமை கேட்டு விண்ணப்பித்தார். அடுத்த ஆண்டே கலிலியோ அதை வானத்தை நோக்கித் திருப்பினார். ஆனால் கலிலியோவின் குழலை வைத்துப் பார்க்க முடியுமே தவிர, குறி வைக்க முடியாது. பிம்பம் குழலுக்குள்ளே ஓரிடத்தில் விழுந்தால்தானே அதன்மேல் ஓர் அடையாளம் வைக்க முடியும்? 1611-ல் கெப்ளர் சொன்ன அமைப்பில், இரண்டு குவிலென்சுகளுக்கு நடுவே பிம்பம் விழுந்தது. சுமார் 1640-ல் இங்கிலாந்தில் வில்லியம் காஸ்கோயின் என்ற இளைஞர் தம் தொலைநோக்கிக்குள் ஒரு சிலந்தி நூல் ஓடியிருப்பதைக் கண்டார் என்பார்கள். தூரத்துப் பொருளும் அந்த நூலும் ஒருசேரத் தெளிவாகத் தெரிந்தன. இன்றைய ஸ்கோப்பின் நடுவில் தெரியும் குறுக்கு இழைக்கு அதுவே மூலம். பாவம், காஸ்கோயின் 1644-ல் உள்நாட்டுப் போரில் மார்ஸ்டன் மூரில் மாண்டுபோனார்.

அந்த இழையை முதலில் பெரிதாகப் பயன்படுத்தியவர்கள் வானவியலாரும் நில அளவையாளரும். இங்கேதான் கதை நம் பக்கம் வருகிறது.

வில்லியம் லாம்டன் என்ற படை அதிகாரி 1802 ஏப்ரல் 10-ஆம் தேதி சென்னை பரங்கிமலைப் பக்கம் சுமார் 12 கிலோமீட்டர் நீளமுள்ள அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். முடிக்க 57 நாள் ஆயிற்று. அந்த வேலைக்கு அவரிடம் இருந்த எஃகுச் சங்கிலி புதிது இல்லை. லண்டனின் புகழ்பெற்ற கருவி வல்லுநர் ராம்ஸ்டன் செய்த அந்த 100 அடிச் சங்கிலி, மெக்கார்ட்னி பிரபுவின் தூதுக்குழுவோடு சீனப் பேரரசருக்குப் பரிசாகப் போனது. சீன அரசவை வேண்டாம் என்று ஒதுக்கியது. குழுவோடு போன டின்விடி என்பவர் அதைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். அங்கே லாம்டன் அதை வாங்கிக்கொண்டார். இந்தியாவின் மாபெரும் அளவை ஒரு இரண்டாம் கைச் சங்கிலியில் தொடங்கியது.

கோணம் அளக்கும் தியோடலைட் லண்டனில் கேரி என்பவர் செய்தது. எடை அரை டன். வரும் வழியில் பிரெஞ்சுப் போர்க்கப்பல் அதைப் பிடித்து மொரீஷியசுக்குக் கொண்டுபோனது. அங்கிருந்த பிரெஞ்சு ஆளுநர், அறிவியல் கருவி என்று அறிந்ததும் மரியாதையாகச் சென்னைக்கே அனுப்பிவைத்தார்.

1808-ல் தஞ்சைப் பக்கம் அளவை நடந்தது. சமவெளி, ஏறி நிற்கக் குன்று கிடையாது. அதனால் கோயில் கோபுரங்களே மேடையாயின. பெரிய கோயில் விமானத்தில் தியோடலைட்டைக் கயிறு கட்டி ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதியது. அதன் வட்டத் தகடு நெளிந்துவிட்டது. வேறு யாராக இருந்தாலும் லண்டனுக்குக் கடிதம் எழுதிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருந்திருப்பார்கள். லாம்டன் கூடாரத்துக்குள் புகுந்துகொண்டு, ஆப்பும் திருகாணியும் கப்பியும் வைத்து, சுமார் ஆறு வாரத்தில் தகட்டைப் பழைய வடிவத்துக்கு இழுத்துக் கொண்டுவந்தார். அதே கருவியோடு வேலை தொடர்ந்தது. 1809 வாக்கில் அளவை குமரிமுனைப் பகுதியை எட்டியது. பின்னால் எவரெஸ்ட் அதை 1841-ல் இமயமலை அடிவாரம் வரை, ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர் கொண்டுபோய் முடித்தார். 78 பாகைத் தீர்க்கரேகையை ஒட்டிச் சென்ற அளவை அது. பிள்ளைகளே, உலகப்படத்தை எடுத்துப் பாருங்கள், நம் உடன்குடியும் அந்தக் கோட்டை ஒட்டித்தான் இருக்கிறது.

துப்பாக்கிமேல் தொலைநோக்கி ஏறியது இதற்கெல்லாம் பிறகு. 1840-ஐ ஒட்டி அமெரிக்காவில் சாப்மன், ஜேம்ஸ் என்ற இருவர் நீண்ட பித்தளைக் குழல்களைத் துப்பாக்கியில் பொருத்தினார்கள். 1855-லிருந்து மால்கம் என்பவர், ஓரத்தில் நிறம் பிரியாத நல்ல லென்சுகளைப் போட்டார். 1861 முதல் 1865 வரை நடந்த அவர்களது உள்நாட்டுப் போரில் அவை பயன்பட்டன. பிறகு, மேய்ச்சல் நிலத்தில் வளை தோண்டும் சிறு பிராணிகளைத் தூரத்திலிருந்து சுடும் வழக்கம் அங்கே பெருகியது. பிராணி சிறியது, தூரம் அதிகம். ஆகவே உருப்பெருக்கமும் ஏறிக்கொண்டே போனது. இன்று 24 மடங்கு என்று விளம்பரம் செய்வதன் வேர் அங்கே இருக்கிறது.

ஆனால் லாம்டன் கதை சொல்வது வேறு. தொலைநோக்கியின் பெருமை பெரிதாகக் காட்டுவதில் இல்லை, கோணத்தைப் பிசகாமல் காட்டுவதில் இருக்கிறது. ஸ்கோப்பில் திருகும் குமிழும் கோணம்தான் மாற்றுகிறது. ஒரு பாகையில் 60-இல் ஒரு பங்கு ஒரு கலை. அது 100 மீட்டரில் 2.9 சென்டிமீட்டர், 300 மீட்டரில் 8.7 சென்டிமீட்டர். குமிழின் ஒரு 'க்ளிக்' கால் கலை என்றால், 100 மீட்டரில் குறி சுமார் 7 மில்லிமீட்டர் நகர வேண்டும். மலிவான ஸ்கோப் பல இங்கேதான் கைவிடும். பத்து க்ளிக் திருப்பினால் எட்டுதான் நகரும், திரும்ப வைத்தால் பழைய இடத்துக்கு வராது.

இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. ஒரே புள்ளியைக் குறி வைத்து முதலில் சுட வேண்டும். பிறகு மேலே 20 க்ளிக், வலப்பக்கம் 20, கீழே 20, இடப்பக்கம் 20 என்று திருப்பி, ஒவ்வொரு திருப்பத்துக்கும் அதே புள்ளியைப் பார்த்தே சுட வேண்டும். அட்டையில் சதுரம் விழுந்து, கடைசிக் குண்டு முதல் துளையில் சேர்ந்தால் கருவி நல்ல கருவி.

அடுத்தது வெளிச்சம். முன் லென்சின் அகலத்தை உருப்பெருக்கத்தால் வகுங்கள். 40 மில்லிமீட்டரை 10-ஆல் வகுத்தால் 4. கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றையின் அகலம் அது. 24-ஆல் வகுத்தால் 1.7-க்கும் குறைவு. அந்தி வேளையில் படம் மங்கிவிடும். நம் தேரிக்காட்டில் பகல் பத்து மணிக்கு மேல் கானல் ஆடுவதைப் பார்த்திருக்கிறீர்கள். 24 மடங்கில் அந்தக் கானலும் 24 மடங்கு ஆடும். எவரெஸ்ட் இரவில் விளக்கேற்றிக் கோணம் எடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே அதே விலையில் 24 மடங்கும் சுமாரான லென்சும் உள்ளதைவிட, 10 அல்லது 12 மடங்கும் நல்ல லென்சும் உறுதியான குமிழும் உள்ளதே லாபம். சுருள்வில் காற்றுத்துப்பாக்கி முன்னும் பின்னும் உதறும். அதற்கென்று செய்யாத ஸ்கோப் உள்ளே கழன்றுவிடும். 10 மீட்டரில் படம் தெளிகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இனி அந்தத் தம்பிக்குச் சொன்னது. மகள் போட்டிக்குப் போகும் 10 மீட்டர் காற்றுத்துப்பாக்கியில் ஸ்கோப்புக்கே அனுமதி இல்லை. சிறு துளை வழியாகத்தான் பார்க்க வேண்டும். நடுப்புள்ளியின் அகலமோ வெறும் அரை மில்லிமீட்டர். அபினவ் பிந்த்ரா 2008-ல் பீஜிங்கில் தங்கம் வாங்கியதும், நம் கடலூரில் பிறந்த இளவேனில் உலகக் கோப்பைகளில் தங்கம் வாங்கியதும் அப்படிப் பார்த்துத்தான். தோட்டத்துக்கும் அது ஆகாது. மயில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள பறவை. காட்டுப்பன்றியையும் நாமாகச் சுட முடியாது. பயிர்ச் சேதத்துக்கு வனத்துறையில் மனுக் கொடுப்பதே வழி. 25,000 ரூபாயில் ஒரு ஸ்கோப் வந்திருக்கும், கூடவே ஒரு வழக்கும் வந்திருக்கும்.

"அப்போ என்ன செய்ய டீச்சர்?" என்றான். "பிள்ளைக்கு நல்ல பயிற்சி உடுப்பும், வருஷம் முழுக்கத் தோட்டாவும் வாங்கிக் கொடு" என்றேன். சரி என்றிருக்கிறான். சங்கத்தில் பொழுதுபோக்காக இலக்குச் சுடும் மற்றவர்கள், வாங்குமுன் அந்தச் சதுரச் சோதனையை மறக்க வேண்டாம். கடைக்காரர் அதற்குச் சம்மதிக்கவில்லை என்றால் வேறு கடை பாருங்கள்.

கண்ணையும் கையையும் பழக்குங்கள், கருவி பின்னால் வரட்டும். எல்லாரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர், உடன்குடி