மேடையே மூலப்பிரதி: கிரேட்ஃபுல் டெட் குழுவின் முப்பது ஆண்டுகள்

ராக் இசைக்குழுக்களின் வரலாற்றை எழுதுவோர் வெளிவந்த ஆல்பங்களை மைல்கற்களாக நட்டுக்கொண்டே போவது வழக்கம். பீட்டில்ஸ் குழுவுக்கு அது பொருந்தும். 1966க்குப் பிறகு அவர்கள் சுற்றுப்பயணமே போகவில்லை. 1965 முதல் 1995 வரை ஏறத்தாழ 2,300 கச்சேரிகள் செய்த கிரேட்ஃபுல் டெட் குழுவை அதே கோலால் அளந்தால் சாதாரணக் குழு ஒன்றின் கதைதான் மிஞ்சும். முப்பது ஆண்டுகளில் 13 ஸ்டூடியோ ஆல்பங்கள். அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதல் பத்துக்குள் நுழைந்த ஒரே ஒரு பாட்டு. இதை வைத்துக்கொண்டு, பின்னாளில் மேடையில் பாட்டை நீட்டி மனோதர்மமாக வாசிக்கும் 'ஜாம் பேண்ட்' என்றே ஒரு வகை உருவாகும் அளவுக்கு அவர்கள் எப்படி வழிகாட்டினார்கள் என்பதை விளக்க முடியாது. அவர்களுடைய படைப்பு சுற்றுப்பயணம்தான். ரசிகர்கள் பிடித்த ஒலிநாடாக்களே அதன் ஏட்டுச்சுவடிகள். அந்த ஒலிநாடாக்களை அவர்கள் அனுமதித்ததை வணிகத் தொலைநோக்கு என்று இன்றைய மேலாண்மை நூல்கள் கொண்டாடுகின்றன. சான்றுகள் அப்படிச் சொல்லவில்லை.

தொடக்கம் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோ. அங்கே ஓர் இசைக்கருவிக் கடையில் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த ஜெர்ரி கார்சியா, பாப் வியர், 'பிக்பென்' என்ற ரான் மெக்கெர்னன், டிரம்ஸ் வாசித்த பில் க்ரூட்ஸ்மன் ஆகியோர் 1965இல் 'வார்லாக்ஸ்' என்ற பெயரில் பீட்சா கடையொன்றில் வாசித்தார்கள். சிறிது நாளில் சேர்ந்த ஃபில் லெஷ், இத்தாலிய நவீன இசையமைப்பாளர் லூசியானோ பெரியோவிடம் பயின்றவர். பேஸ் கிதாரைத் தொட்டதே அப்போதுதான். அந்த ஆண்டு இறுதியில் பெயர் மாறியது. நாவலாசிரியர் கென் கீஸி நடத்திய, எல்எஸ்டி புழங்கிய 'ஆசிட் டெஸ்ட்' கூட்டங்களில் வாசித்ததுதான் இவர்களை உருவாக்கியது என்பேன். எல்எஸ்டி அப்போது அங்கே சட்டத்துக்குப் புறம்பாகவில்லை. கூட்டம் இவர்களைக் கேட்பதற்காக வந்ததல்ல. மூன்று நிமிடத்தில் பாட்டை முடித்துக் கைதட்டல் வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஒரே பாட்டை அரைமணி நேரம் நீட்டலாம், வாசிக்காமல் எழுந்து போகவும் செய்யலாம். போதைப்பொருளின் விளைவு என்று பலர் கணக்கெழுதும் மனோதர்மத்தில், இந்தப் பொறுப்பின்மை தந்த சுதந்திரத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

'டார்க் ஸ்டார்' இதற்குத் தெளிவான சான்று. 1968இல் மூன்று நிமிடத்துக்கும் குறைவான சிங்கிளாக வந்து எவராலும் சீண்டப்படாமல் போன பாட்டு அது. மறு ஆண்டு வெளியான 'லைவ் டெட்' ஆல்பத்தில், சான் பிரான்சிஸ்கோ மேடையில் பதிவான அதே பாட்டு 23 நிமிடம் ஓடுகிறது. ராபர்ட் ஹண்டர் எழுதிய வரிகள் அதில் சொற்பமே. மற்றதெல்லாம் கிதாரும் பேஸும் ஒன்றையொன்று துரத்திப் போவது. இவற்றில் எது 'மூலம்'? கனடிய இசையமைப்பாளர் ஜான் ஆஸ்வால்ட் 1990களில், பல ஆண்டுகளில் வாசிக்கப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட 'டார்க் ஸ்டார்'களை அடுக்கி 'கிரேஃபோல்டட்' என்ற ஆல்பத்தையே உருவாக்கினார். மூலமென்று ஒன்று இல்லாத பாட்டுக்குத்தான் அப்படிச் செய்ய முடியும்.

  

படைப்பு மேடையில்தான் என்று குழுவே நம்பியதற்கு 1974இன் 'வால் ஆஃப் சவுண்ட்' போதும். ஒலிப்பொறியாளர் ஆவ்ஸ்லி ஸ்டான்லியும் அவருடைய கூட்டாளிகளும் வடிவமைத்த இந்த ஒலிபெருக்கிச் சுவர் சுமார் 75 டன். ஏறத்தாழ 600 ஒலிபெருக்கிகள். வாசிப்பவர்களுக்குப் பின்னால் அது நின்றது. மேடையில் கேட்பதே அரங்கத்துக்கும் கேட்கும். ஆனால் பின்னாலிருந்து வரும் அத்தனை ஒலியும் பாடுபவரின் மைக்கில் புகுந்து ஊளையிடுமே? அதற்காக ஒவ்வொரு பாடகருக்கும் இரண்டு மைக்குகளை ஒன்றுக்கொன்று எதிர்முனையில் இணைத்தார்கள். இரண்டிலும் ஒன்றுபோல விழும் சுவரின் ஒலி ஒன்றையொன்று அழித்துவிடும். ஒரு மைக்கில் மட்டும் வாயை ஒட்டிப் பாடும் குரல் தங்கிவிடும். கச்சிதமான தீர்வு, ஆனால் குரல் சற்று மெலிந்தே கேட்டது. ஓர் ஊரில் கச்சேரி நடக்கும்போதே அடுத்த ஊரில் மேடை எழும்ப வேண்டியிருந்ததால் மேடைகள் இரண்டு, அவற்றுக்குத் தகுந்த ஆட்கள், லாரிகள். இரண்டாம் டிரம்ஸ் கலைஞர் மிக்கி ஹார்ட்டின் தந்தை மேலாளராக இருந்தபோது அவரிடம் ஏற்கெனவே பெருந்தொகையை இழந்து மீண்டிருந்த குழு அது. அந்த ஆண்டு அக்டோபரிலேயே சுவர் கழற்றப்பட்டது. 1976 வரை முறையான சுற்றுப்பயணமே இல்லை.

ஒலிநாடா விஷயத்துக்கு வருவோம். எழுபதுகளின் தொடக்கத்தில் ரசிகர்களின் மைக்குகளைக் குழுவின் ஆட்களே தடுத்ததுண்டு. பிறகு கண்டும் காணாமல் விட்டார்கள். 1984 அக்டோபரில் பெர்க்லி அரங்கில் ஒலிப்பதிவாளர்களுக்கெனத் தனிப் பகுதி ஒதுக்கப்பட்டதற்குக் காரணம் வெகு சாதாரணமானது. காடாக எழுந்து நின்ற மைக் கம்பங்கள் ஒலிக்கட்டுப்பாட்டு மேசையில் இருந்தவருக்கு மேடையை மறைத்தன. மற்ற ரசிகர்களும் முணுமுணுத்தார்கள். எனவே மேசைக்குப் பின்னால் இடம், தனி டிக்கெட், விற்பனைக்குத் தடை என்று ஒழுங்கு வந்தது. பண்டமாற்றில் கைமாறிய கேசட்டுகள் ரசிகர் கூட்டத்தைப் பெருக்கியது உண்மையே. ஆனால் விளைவைப் பார்த்துவிட்டு அதையே நோக்கமாக எழுதுவது வரலாற்றாசிரியர் செய்யக்கூடாத வேலை. குழுவின் பாடலாசிரியர்களில் ஒருவரான ஜான் பெர்ரி பார்லோ 1994இல் அறிவுசார் சொத்துரிமை பற்றி எழுதிய கட்டுரை இந்தக் கதைக்குத் தத்துவ முகம் கொடுத்தது. அதுவும் பத்தாண்டு கழித்துத்தான்.

குழுவின் சொந்தப் பதிவுகளுக்கும் பெரிய காவல் இருக்கவில்லை. 1977 மே 8 அன்று கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹாலில் நடந்த கச்சேரியைக் குழுவின் ஒலிப்பதிவாளர் பெட்டி கேன்டர்-ஜாக்சன் பதிவு செய்தார். அவர் வசமிருந்த நாடாக்கள் எண்பதுகளில் கிடங்கு வாடகை பாக்கிக்காக ஏலம் போயின. கேசட் வழியே புகழ்பெற்ற அந்த இரவின் பதிவு அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் இடம்பெற்றது. குழுவின் அதிகாரபூர்வ வெளியீடாக வந்ததோ 2017இல்.

1987இல் 'டச் ஆஃப் கிரே' ஒன்பதாம் இடம் பிடித்தது; இத்தனை காலம் தப்பியிருந்த வெற்றி வந்து சேர்ந்தது. அரங்குகள் ஸ்டேடியங்களாயின, டிக்கெட் இல்லாதவர்கள் வாகன நிறுத்தத்திலேயே குவிந்தார்கள். 1995 ஜூலையில் இண்டியானாவின் டியர் க்ரீக்கில் வேலியை உடைத்து நுழைந்தார்கள். மறுநாள் கச்சேரி ரத்து. கார்சியா ஏற்கெனவே 1986இல் நீரிழிவு கோமாவிலிருந்து பிழைத்து எழுந்தவர். அவருடைய உடல்நிலை யாருக்கும் ரகசியமல்ல. ஆனாலும் ஊழியர் சம்பளம் பெரும்பாலும் மேடையிலிருந்துதான் வந்தது. ஆல்பம் விற்றுப் பிழைக்கும் குழு ஓராண்டு ஓய்வெடுக்கலாம், இவர்களால் முடியாது. ஜூலை 9 அன்று சிகாகோவில் கடைசிக் கச்சேரி. ஆகஸ்ட் 9 அன்று மறுவாழ்வு மையத்தில் 53 வயதில் அவர் இறந்தார். ஆண்டு முடிவதற்குள் மற்றவர்கள் அந்தப் பெயரைக் கைவிட்டார்கள்.

மேடை நின்றதும் வருமானம் பழைய நாடாக்களுக்கு இடம் மாறியது. 1993இல் தொடங்கிய 'டிக்ஸ் பிக்ஸ்' வரிசை போன்றவை பெட்டகத்திலிருந்து முழுக் கச்சேரிகளை வெளியிட்டன. 2005 நவம்பரில், இணைய ஆவணக்காப்பகத்தில் இலவசமாகக் கிடைத்த பதிவுகளை நீக்கச் செய்தது குழுவின் தரப்பே. தன்னிடம் கேட்காமலே இது நடந்தது என்று லெஷ் பகிரங்கமாகச் சொன்னார்; ரசிகர்கள் கொதித்தார்கள். ஒரு வாரத்துக்குள் சமரசம் வந்தது: ரசிகர்கள் மைக் வைத்துப் பிடித்தவற்றைத் தரவிறக்கிக்கொள்ளலாம், ஒலிக்கட்டுப்பாட்டு மேசையிலிருந்து எடுத்தவற்றைக் கேட்க மட்டுமே முடியும். 1984இல் பெர்க்லியில் ரசிகர்களை எங்கே உட்கார வைத்தார்களோ, உரிமையின் எல்லைக்கோடும் அங்கேயே விழுந்தது: மேசைக்குப் பின்னால்.