என் பெயர் ராமசேஷன் (புதினம்)

என் பெயர் ராமசேஷன், ஆதவன் (1942–1987) எழுதி 1980-இல் வெளியான தமிழ்ப் புதினம் ஆகும். கே. எஸ். சுந்தரம் என்னும் இயற்பெயர் கொண்ட ஆதவன், திருநெல்வேலி மாவட்டத்தில் தாமிரபரணிக் கரையிலுள்ள கல்லிடைக்குறிச்சியில் பிறந்து, தில்லியில் கல்வி பயின்றவர்.

கல்லூரி மாணவனான ராமசேஷன் தன் கதையைத் தானே கூறுகிறான். பாடங்களும் தேர்வுகளும் இதில் பின்னணி மட்டுமே. வீட்டாரிடம் ஒரு முகம், நண்பன் ராவிடம் வேறொரு முகம், ராவின் சகோதரி மாலாவிடம் மற்றொன்று என ஆளுக்கேற்பத் தான் வேடமிடுவதை அவன் நன்கு அறிவான். பிறர் இடும் வேடங்களும் அவன் கண்ணுக்குத் தப்புவதில்லை. எள்ளல் மிகுந்த அக்குரல் தன்னையும் விட்டுவைக்காததே இப்புதினத்தின் வலிமை. வேடங்களைக் களைந்தபின் எஞ்சுபவன் யார் என்பதுதான் அவனுக்கு விளங்குவதில்லை.

இப்புதினம் உருசிய மொழியில் பெயர்க்கப்பட்டது. ஆதவன் 1987 சூலை 19 அன்று சிருங்கேரியில் துங்கை ஆற்றில் மூழ்கி இறந்தார். அவ்வாண்டின் சாகித்திய அகாதமி விருது, 'முதலில் இரவு வரும்' என்ற அவரது சிறுகதைத் தொகுப்புக்கு, மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது.